முள்ளை ஒட்டிச் செல்லும் கத்தி

மீன் உண்ணும் மக்கள் எல்லோரும் முள்ளுக்கு ஒரு வழி சொல்லியாக வேண்டும். தமிழகக் கடற்கரையில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் உண்பவரின் விரல்களிடம் விடப்பட்டிருக்கிறது. முள்ளோடும் தலையோடும் கொதித்தால்தான் குழம்பில் சாறு இறங்கும் என்பது அங்கே சமையலின் பாலபாடம். ஏரிகளும் உப்புக் குறைந்த கடலும் சூழ்ந்த ஃபின்லாந்திலோ அதே பொறுப்பு, மீன் அடுப்பேறும் முன்பே கத்தியிடம் ஒப்படைக்கப்படுகிறது. முதுகெலும்பின் இருபுறமும் உள்ள சதையை முள்ளில்லாமல் முழுத் தகடாக எடுப்பதை ஃபில்லெட் போடுதல் என்றும், அதற்கென அமைந்த மெல்லிய, வளைந்துகொடுக்கும் அலகுடைய கத்தியை ஃபில்லெட் கத்தி என்றும் கூறுவர். ஃபின்லாந்துக்காரர்கள் இடுப்பில் செருகிப் பழகிய பூக்கோ என்னும் குறுங்கத்தியின் உறவுமுறையில் வரும் இக்கருவியைக் கடையில் ஆயத்தமாக வாங்குவோர் மிகப் பலர். கொல்லரிடம் சொல்லித் தமக்கென்றே செய்துகொள்வோர் சிலர். அச்சிலர் எதைச் சொல்லி எதைப் பெறுகிறார்கள் என்பதை, அக்டோபர்த் தொடக்கத்தில் ஹெல்சிங்கித் துறைமுகத்தில் புறப்பட்டு ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயுள்ள இனாரி ஏரியில் முடியும் பயணம் ஒன்று ஊர் ஊராகத் தெளிவாக்குகிறது.

ஹெல்சிங்கி: படகுகளே கடைகளாகும் சந்தை

ஹெல்சிங்கியின் கரையோரச் சந்தைத் திடலில் 1743 முதல் நடந்துவரும் மத்திச் சந்தை, ஆண்டுதோறும் அக்டோபர்த் தொடக்கத்தில் கூடுகிறது. தீவுக்கூட்டங்களிலிருந்து வரும் மீனவர்கள் படகுகளைக் கரையோடு ஒட்டி நிறுத்திப் படகின் பின்புறத்தையே கடையாக்கிக்கொள்கிறார்கள். உப்பிலும் காடியிலும் கடுகிலும் ஊறிய மீன் வாளிகளுக்குப் பக்கத்தில், கருமையும் இனிப்பும் கலந்த தீவு ரொட்டி அடுக்கப்பட்டிருக்கிறது. உலகப் பெருங்கடல்களில் ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்க, ஹெல்சிங்கியை ஒட்டிய பால்டிக் கடலில் அது 5, 6 கிராம் அளவே என்பதால், கடல்மீனாகிய மத்தியும் நன்னீர் மீன்களாகிய ஹௌக்கி, அஹ்வென், குஹா ஆகியவையும் இங்கே ஒரே நீரில் வாழ்கின்றன. நீண்ட வாயில் பல் நிறைந்த வேட்டைமீன் ஹௌக்கி. முதுகில் முட்துடுப்பும் உடலில் பட்டைக்கோடுகளும் கொண்ட சிறுமீன் அஹ்வென். வெண்சதைக்குப் பெயர்பெற்றது குஹா. இந்த மூன்றும் பயணம் முழுவதும் திரும்பத் திரும்ப எதிர்ப்படுபவை.

சிலக்கா எனப்படும் இங்குள்ள மத்தி சிறியதாக இருப்பதால் அதற்குக் கத்தி தேவைப்படுவதில்லை. படகுக்காரப் பெண்கள் கட்டைவிரலை வயிற்றுக்குள் செலுத்தி முதுகெலும்பை அப்படியே உருவி எடுத்துவிடுகிறார்கள். கத்தியின் ஆட்சி, சந்தைத் திடலுக்கு அருகே 1889இல் திறக்கப்பட்ட பழைய சந்தைக் கூடத்தில் தொடங்குகிறது. அங்கே மீன் பெரும்பாலும் முழு உருவில் கிடப்பதில்லை. தோலோடும் தோலின்றியும் தகடுதகடாகப் பனிக்கட்டிமேல் பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

கடைக்காரர் ஒருவர் அஹ்வெனை அறுக்கும் முறையைக் கிட்ட நின்று பார்த்தால் இக்கத்தியின் இயல்பு விளங்கும். செவுளுக்குப் பின்னால் சாய்வாக ஒரு வெட்டு விழுகிறது. அலகு முதுகெலும்பைத் தொட்டதும் கைப்பிடி திரும்ப, அலகு கிடையாகி வாலை நோக்கி நகர்கிறது. விலாமுட்களைக் கடக்கும்போது மெல்லிய டிக்டிக் ஒலி வரிசையாகக் கேட்கிறது. வால்நுனியில் தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில் தகட்டைப் புரட்டி, அலகைப் பலகையோடு படுக்கவைத்துத் தோலையும் பிரித்துவிடுகிறார். எஞ்சிய எலும்புக்கூட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் முட்களின் ஊடே வெளிச்சம் தெரிய வேண்டும் என்பதே தேர்ச்சியின் அளவுகோல். சென்னைக் காசிமேட்டிலோ அரிவாள்மனை காலடியில் அசையாமல் நிற்க, மீன்தான் கூரின்மேல் நகர்த்தப்படுகிறது. வஞ்சிரம் முள்ளோடு குறுக்குவாட்டில் வில்லை வில்லையாக விழுகிறது. ஹெல்சிங்கியில் மீன் அசையாமல் கிடக்கக் கத்தி நகர்கிறது. நகரும் கத்தி கையின் நீட்சியாக இருந்தாக வேண்டும் என்பதால், எந்தக் கைக்கு எந்தக் கத்தி என்ற கேள்வி இங்கேயே முளைக்கிறது.

ஃபிஸ்கார்ஸ்: ஓடையோரத்து இரும்பு

தலைநகருக்கு மேற்கே, காட்டுக்குள் ஓடும் ஓடையின் கரையில் அமைந்த ஃபிஸ்கார்ஸ் சிற்றூரில், ஃபின்லாந்து ஸ்வீடனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 1649இல் இரும்புப் பட்டறை நிறுவப்பட்டது. துருத்தியையும் சம்மட்டியையும் இயக்க ஓடையும், கரிக்குக் காடும் அருகிலிருந்தன. தாதுக்கல் கடல்கடந்து வந்தது. 1832இல் இங்கே கத்தி, கத்தரிக்கோல் முதலியவற்றுக்கான தனிப் பட்டறை எழுந்தபோது, ஊர்க் கொல்லரிடம் சொல்லிவைத்துக் காத்திருந்தால் கிடைத்த பொருள் கடைச்சரக்காக மாறத் தொடங்கியது. 1967இல் இந்நிறுவனம் வெளியிட்ட ஆரஞ்சு நிறப் பிடியுடைய கத்தரிக்கோல் உலகெங்கும் தையல் மேசைகளில் இடம்பிடித்தது. இன்று ஆலைக் கட்டடங்களில் மரவேலைக்காரர்களும் கண்ணாடி ஊதுவோரும் கொல்லர்களும் குடியிருந்து தொழில் செய்கிறார்கள். நல்ல கத்தி மலிவாகக் கிடைக்கும் நாட்டில் கையால் செய்த கத்தி தேவையின் பேரில் வாங்கப்படுவதில்லை, தேர்வின் பேரில் வாங்கப்படுகிறது என்பதற்கு அந்த ஓடைக்கரையே போதிய சான்று.

பையானே ஏரி: தூண்டிலும் கத்தியும் சேர்ந்த கதை

வடகிழக்கே திரும்பும் வழியில், 1871இல் திறக்கப்பட்ட வாக்சிக் கால்வாய் பையானே ஏரியைத் தெற்கேயுள்ள வெசியார்வி ஏரியோடு இணைக்கிறது. ஹெல்சிங்கி வீடுகளின் குழாயில் வரும் குடிநீர் இந்தப் பையானே ஏரியிலிருந்து 120 கிலோமீட்டர் நீளமுள்ள பாறைச் சுரங்கம் வழியாகச் செல்வது. அக்டோபரில் கரையோரப் பிர்ச் மரங்கள் இலையுதிர்த்து வெளுத்து நிற்க, கோடைக்குடில்களின் படகுகள் கரையில் கவிழ்க்கப்பட்டுவிடுகின்றன. ஆயினும் அஹ்வென் பிடிப்போர் தூண்டிலோடு படித்துறைகளில் நிற்பது நின்றபாடில்லை.

இவ்வேரியை ஒட்டிய அசிக்காலாப் பகுதியில் வாழ்ந்த லௌரி ராப்பலா என்ற மீனவர், காயம்பட்டுத் தள்ளாடி நீந்தும் சிறுமீனையே வேட்டைமீன்கள் முதலில் தாக்குவதைக் கவனித்து, 1936இல் செருப்புத் தைப்போரின் கத்தியால் தக்கைக் கட்டையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த பளபளப்புத் தாளைப் போர்த்தி, அதே தள்ளாட்டத்தோடு நீந்தும் செயற்கை இரையை உருவாக்கினார். 1950களின் இறுதியில் மின்னசோட்டாவைச் சேர்ந்த வணிகர் இருவர் அதை அமெரிக்காவில் விற்கத் தொடங்க, 1962 ஆகஸ்டில் லைஃப் இதழில் வந்த கட்டுரை அதைப் பெரும்புகழுக்குக் கொண்டுசென்றது. அந்த வணிகத் தடத்திலேயே, ரொவானியெமியில் உள்ள மார்த்தீனிப் பட்டறை செய்த, பிர்ச் மரப்பிடியும் ஒல்லி அலகும் உடைய ஃபில்லெட் கத்தியும் 1960களில் அமெரிக்கா சென்று, அங்கே ஏரி மீன்பிடிப்போரின் பெட்டிகளில் நிலையான இடம் பெற்றது. மின்னசோட்டா மக்கள் போற்றும் வாலை என்னும் மீனும் ஃபின்லாந்தின் குஹாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதும், இரண்டுக்கும் முள்ளின் அமைப்பும் சதையின் பருமனும் ஏறத்தாழ ஒன்றே என்பதும் இங்கே கருதத்தக்கவை. மீன் ஒத்துப்போனதால் கத்தியும் ஒத்துப்போயிற்று.

குவோப்பியோ: கத்தி வேண்டாத மீன்

ஏரிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சாவோ வட்டாரத்தின் தலைநகரான குவோப்பியோ, ஃபில்லெட் கத்திக்கு ஒரு மறுப்புரை என்றே சொல்லத்தக்கது. இங்குள்ள கல்லவேசி ஏரியில் வலைக்கு வரும் முய்க்கு, நெத்திலியைவிடச் சற்றே பெரிய வெள்ளிநிற மீன். அதைத் தலையும் குடலும் நீக்கிக் கம்புமாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்தால், சென்னையில் நெத்திலி வறுவலைத் தின்பதுபோலவே முள்ளோடு மென்று தின்றுவிடலாம். இவ்வூரின் அடையாள உணவான கலகுக்கோவில் அதே முய்க்குவைப் பன்றிக் கொழுப்புத் துண்டுகளோடு அடுக்கி, தடித்த கம்புமாவு ஓட்டுக்குள் வைத்து மூடி, தணிந்த சூட்டில் பல மணிநேரம் வேகவைக்கிறார்கள். வெளியே வரும்போது முள் சதையோடு கரைந்திருக்கும். வயலுக்கும் காட்டுக்கும் போவோர் கையோடு எடுத்துச் சென்ற கட்டுச்சோறு அது. ஓட்டின் மேற்பகுதியை வட்டமாக வெட்டி எடுத்து உள்ளிருப்பதை உண்டபின், ஓட்டையும் வெண்ணெய் தடவி உண்பது வழக்கம்.

1902இல் கட்டப்பட்ட சந்தைக் கூடத்தில் கலகுக்கோ விற்கும் மூதாட்டியிடம் ஃபில்லெட் கத்தியைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர் தமது ரொட்டிக் கத்தியைத்தான் எடுத்துக் காட்டுகிறார். அடுப்பின் பொறுமை முள்ளைத் தீர்த்துவிடும் இடத்தில் அலகின் நுணுக்கத்துக்கு வேலையில்லை. ஒரே நாட்டுக்குள், ஒரு நாள் பயணத் தொலைவுக்குள், மீனின் அளவு மாறியதும் கருவியே தேவையற்றுப்போவதைக் காணும்போது, கத்தியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மீனைப் பற்றிப் பேச வேண்டும் என்பது உறுதியாகிறது.

கௌஹவா: கொல்லர் கேட்கும் கேள்விகள்

மேற்கே போத்னியா வளைகுடாவை நோக்கிச் செல்லச் செல்ல ஏரிகள் மறைந்து, தஞ்சைச் சமவெளியை நினைவூட்டும் தட்டையான வயல்வெளி விரிகிறது; நெல்லுக்குப் பதில் பார்லியும் ஓட்ஸும் அறுவடையான தாள்கள் மட்டும் பனியில் நனைந்து நிற்கின்றன. இங்குள்ள கௌஹவா, பூக்கோவின் தலைநகரமாகக் கருதப்படும் ஊர். 1879இல் ஈசாக்கி யார்வென்பா நிறுவிய கத்திப் பட்டறையும், குதிரைத்தலை வடிவில் பித்தளையில் வார்த்த பிடிநுனியும் இவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தன. 19ஆம் நூற்றாண்டில் இதே வட்டாரத்தில் திருமண வீடுகளில் புகுந்து கலகம் செய்த கத்திக்காரர்களின் கதைகளும், அவர்களுள் பெயர்பெற்ற ஆன்ட்டி இசோதாலோ, ஆன்ட்டி ரன்னன்யார்வி ஆகிய இருவரைப் பற்றிய நாட்டுப்பாடல்களும் இன்றும் வழங்குகின்றன. வயலுக்கும் தோப்புக்கும் உரிய திருப்பாச்சேத்தி அரிவாள் திரைப்படங்களால் வன்முறைக்கு அடையாளமாகிவிட்ட நிலைக்கு இது மிக நெருங்கியது. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதை ஃபின்லாந்தின் 2003ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம் தடைசெய்கிறது; மீன்பிடித்தலும் பிற வேலைகளும் தக்க காரணங்கள் என்பதால், கத்தியின் உரிமை அதன் வேலையோடு பிணைந்தே நிற்கிறது.

ஊருக்கு வெளியே, மாட்டுக்கொட்டகையாக இருந்த கட்டடத்தில் தொழில் செய்யும் கொல்லர் ஒருவரிடம் ஃபில்லெட் கத்தி சொல்லச் செல்வோர், விலையைக் கேட்பதற்குள் பல கேள்விகளுக்கு விடை கூற வேண்டியிருக்கிறது. எந்த நீரில் மீன் பிடிப்பது, பெரும்பாலும் எந்த மீன், அறுப்பது அசையும் படகிலா, படித்துறைப் பலகையிலா, சமையலறையிலா, வலக்கையா இடக்கையா, உறைபனிக் காலத்தில் கையுறையோடு பிடிக்க வேண்டுமா என்பன அவற்றுள் முதன்மையானவை. கையைத் தாளில் வைத்து விளிம்பு வரைந்தபின், உள்ளங்கையின் அகலத்தை நூலால் அளந்துகொள்கிறார். அஹ்வெனுக்கு 15 சென்டிமீட்டருக்கு மிகாத அலகு போதும். சால்மனுக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். ஹௌக்கிக்கோ சதைக்குள்ளேயே கவட்டை வடிவில் மறைந்திருக்கும் ஒரு வரிசை முள்ளைத் தனியே அறுத்தெடுக்க வேண்டியிருப்பதால், நீளத்தைவிடச் சற்று விறைப்பு முக்கியம். எல்லா மீனுக்கும் ஒரே கத்தி என்று கேட்பவரிடம், அப்படியானால் கடையில் கிடைப்பதே நல்லது என்று அவர் நேராகவே சொல்லிவிடுகிறார்.

அலகு வளைவது உருக்கின் பதத்தால் என்பது பரவலான எண்ணம். வளைவின் அளவைத் தீர்மானிப்பது தடிமனே என்பது கொல்லரின் விளக்கம். இயற்பியலும் அதையே கூறுகிறது. அகலமும் நீளமும் மாறாமல் தடிமன் பாதியாகக் குறைந்தால், வளைவை எதிர்க்கும் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். பதத்தின் வேலை வேறு: வளைந்த அலகு மீண்டும் நேராகுமா, கோணலாகவே நின்றுவிடுமா என்பதை அதுவே முடிவுசெய்கிறது. எனவே பிடியருகே 2 மில்லிமீட்டருக்கு மேலிருக்கும் முதுகு, நுனிக்குச் செல்லச் செல்ல 1 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குமாறு சாணையில் தேய்க்கப்படுகிறது. முதற்பகுதி செவுளருகே அழுத்தி வெட்டவும், நுனிப்பகுதி விலாமுட்களின் வளைவில் படிந்து செல்லவும் இந்தச் சரிவு வகைசெய்கிறது. மரம் செதுக்கும் பூக்கோவின் தடித்த முதுகும் அகன்ற சரிவுகளும் இங்கே முற்றிலும் கைவிடப்படுகின்றன.

கார்பன் உருக்குக்குப் பதம் ஏற்றும் நேரத்தில் பட்டறையின் விளக்குகள் அணைக்கப்படுகின்றன. உலையில் சிவந்த அலகில் காந்தம் ஒட்டாமற்போகும் நிலை ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் வருகிறது. அதைக் கடந்து இன்னும் சற்றே சிவப்பு வெளுத்ததும் அலகு எண்ணெயில் தோய்க்கப்படுகிறது. அந்நிலையில் அது கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. 200 பாகைச் சூட்டில் மீண்டும் காய்ச்சி வைக்கோல் நிறம் படர்ந்தபின்னரே வளையவும் திரும்பவும் கற்கிறது. மெல்லிய அலகு எண்ணெயில் இறங்கும்போது முறுக்கிக்கொள்வது இத்தொழிலின் தீராத தொல்லை. திருத்த முடியாதபடி முறுக்கிய அலகைக் கழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், கையால் செய்த ஃபில்லெட் கத்தியின் விலையில் விற்கப்படாத அலகுகளின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. உப்புநீரில் புழங்குவோர் துருப்பிடிக்காத உருக்கையே விரும்புகின்றனர்; குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த அவ்வுருக்குக்கு மின்னுலையில் இதைவிட உயர்ந்த, துல்லியமான வெப்பம் வேண்டும்.

பிடிக்கு இவ்வட்டாரத்தில் சிறப்பாகக் கருதப்படுவது பிர்ச் மரப்பட்டை. பட்டையைச் சிறு சதுரங்களாக நறுக்கி, நடுவில் துளையிட்டு, அலகின் காம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, இறுக அழுத்தி, அதன்பின் வடிவம் செதுக்குகிறார்கள். பட்டையில் இயல்பாக உள்ள எண்ணெய்ப்பசையால் நீர் உள்ளே இறங்குவதில்லை; மீனின் வழவழப்பு படிந்த கையிலும் நழுவுவதில்லை; உறைகுளிரில் தொட்டாலும் உலோகம்போல் சில்லிடுவதில்லை. உறையைத் தோலால் தைத்தாலும் உள்ளே மரக்கூடு வைத்து அடியில் சிறு துளை விடுவது, ஈரம் தங்கித் தோல் அழுகாமலிருக்கும் ஏற்பாடு.

ரொவானியெமி: தொழிற்சாலையின் மறுமொழி

வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பாக அமைந்த ரொவானியெமியை 1944 அக்டோபரில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை எரித்து அழித்தது. கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ வகுத்த, கலைமான் கொம்பு வடிவச் சாலைத் திட்டத்தின்படி நகரம் மீண்டும் எழுந்தது. 1928இல் யான்னே மார்த்தீனி தொடங்கிய கத்திப் பட்டறை அந்த அழிவையும் கடந்து வளர்ந்து, 2005இல் ராப்பலா நிறுவனத்தோடு இணைந்தது. இங்கே வரிசையாகத் தொங்கும் ஃபில்லெட் கத்திகள் சில அளவுகளில் மட்டுமே வருகின்றன. ஒவ்வோர் அளவும் பல்லாயிரம் கைகளின் சராசரி. கௌஹவாக் கொல்லரே பரிந்துரைத்த கத்தி இதுவே என்பதை எண்ணினால், இவ்விரண்டையும் ஏற்றத்தாழ்வாகப் பார்ப்பதில் பொருளில்லை.

ஆற்றங்கரை உணவுக் குடிலில் லொய்முலொஹி என்னும் தீயில் வாட்டிய சால்மன் ஆயத்தமாகிறது. தோலோடு எடுத்த முழுப்பக்கத் தகட்டை மரமுளைகளால் பலகையில் அறைந்து, விறகுத்தீயின் அருகே சாய்த்து நிறுத்துகிறார்கள். கொழுப்பு உருகிப் பலகையில் வழியும்போது புகைமணம் ஏறுகிறது. தகடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் ஒரு பாதி கருகும், மறுபாதி வேகாது என்பதால், அறுத்தவரின் கைநேர்த்தி இவ்வுணவில் ஒளியாமல் தெரிந்துவிடும். எஞ்சிய தலையும் எலும்பும், உருளைக்கிழங்கும் பாலேடும் டில் என்னும் மணத்தழையும் சேரும் சால்மன் சூப்புக்குச் சாறாகின்றன. அந்தப் பானையில் மட்டும் ஃபின்லாந்துச் சமையல் தமிழகக் குழம்போடு கைகோக்கிறது.

இனாரி: ஓர் ஏரிக்கு ஒரு கத்தி

ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் மூவாயிரத்துக்கும் மிகுந்த தீவுகளைத் தாங்கிக் கிடக்கும் இனாரி ஏரியின் கரையில், அக்டோபர் நடுவில் முதற்பனி பெய்துவிடுகிறது. இந்நிலத்தின் தொல்குடிகளாகிய சாமி மக்கள் வட சாமி, இனாரி சாமி, ஸ்கோல்ட் சாமி என மூன்று மொழிகளை இங்கே பேசுகின்றனர். அவர்களுடைய வாழ்வை விளக்கும் சீதா அருங்காட்சியகம் ஏரிக்கரையிலேயே உள்ளது. சாமி மக்களின் இடைக்கச்சையில் கிளை வெட்டவும் எலும்பு பிளக்கவும் ஒரு பெருங்கத்தியும், நுண்வேலைக்கு ஒரு சிறுகத்தியும் தொங்குவது பழைய மரபு. ஒரு வேலைக்கு ஒரு கத்தி என்னும் முறை, கொல்லர் கேள்வி கேட்பதற்கு வெகுகாலம் முன்பே வாழ்க்கை கற்பித்தது.

இலையுதிர் காலத்தில் முட்டையிடக் கரையை நாடும் சீக்கா என்னும் வெண்சதை மீனை வலையிலிருந்து எடுக்கும் முதிய மீனவர் ஒருவரின் கத்தி, இருபது ஆண்டுகளுக்கு முன் அவருக்கென்றே செய்யப்பட்டது. ஆண்டுதோறும் சாணை ஏறியதில் அலகின் அகலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருக்கிறது. தேய்ந்ததால் இன்னும் மெலிதாகி, சீக்காவின் மென்சதைக்கு முன்னைவிடப் பொருந்துகிறது என்பது அவர் கருத்து. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே உலரவிடுவதை அவர் தவறவிடுவதில்லை. பெரிய ஏரி டிரவுட் வலையில் விழுந்தால் மட்டும் அக்கத்தியை ஒதுக்கிவிட்டுக் கடையில் வாங்கிய நீண்ட கத்தியை எடுக்கிறார்.

தமக்கெனக் கத்தி செய்துகொள்வதற்கு உரிய தகுதி என்று ஒன்று உண்டானால், அது இந்த மீனவரிடம் உள்ளது: ஒரே நீர், ஏறத்தாழ ஒரே மீன், பல்லாண்டுப் பழக்கம். பல ஏரிகளில் பல மீன்களைத் தேடித் திரிபவருக்குத் தொழிற்சாலைக் கத்தியின் சராசரியே துணை. சிறுமீனை வெண்ணெயில் பொரிக்கும் குவோப்பியோக்காரருக்கு இரண்டும் வேண்டாம். இனாரிக்காரரின் கத்தியைத் தூத்துக்குடிக்கோ நாகப்பட்டினத்துக்கோ கொண்டுவந்தால், அது கூரான, அழகான, பெரும்பாலும் வேலையற்ற பொருளாகவே இருக்கும். அங்குள்ள ஒருவர் தம் ஊர்க் கொல்லரிடம் மீன் கத்தி சொல்ல விரும்பினால், உருக்கையும் பிடியையும் பற்றிப் படிப்பதற்கு முன், தம் வீட்டில் வாரத்துக்கு எத்தனை முறை முள்ளில்லாத மீன் சமைக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதே முறையான தொடக்கம்.